வளரி முதல் பிரவுனிங் வரை: மறைத்து வைத்த ஆயுதத்தின் கதை

சட்டப் புத்தகத்தில் இரண்டு இடங்களைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படித்தால் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும்.

முதலாவது, 1878-ம் வருட இந்திய ஆயுதச் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் 19-ம் பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறை. அதே குற்றத்தை அரசு ஊழியர் கண்ணில் படக் கூடாது என்ற எண்ணத்தோடு மறைத்துச் செய்தால் 20-ம் பிரிவு. தண்டனை ஏழு வருடம் வரை. அதாவது மறைத்ததற்கு மட்டும் நாலு வருடம் கூடுதல்.

இரண்டாவது, இப்போது நடைமுறையில் இருக்கும் 2016-ம் வருட ஆயுத விதிகள். லைசென்ஸ் வைத்திருப்பவர் பொது இடத்துக்குக் கைத்துப்பாக்கியைக் கொண்டுபோனால் அது உறைக்குள்ளோ பைக்குள்ளோ இருக்க வேண்டும். முழுவதுமாக மூடப்பட்டிருக்க வேண்டும். அவருடைய கட்டுப்பாட்டுக்குள் இருக்க வேண்டும்.

மறைத்தால் கூடுதல் தண்டனை என்று சொன்ன அதே நாட்டுச் சட்டம், மறைத்துத்தான் ஆகணும் என்று எப்படி வந்து நின்றது? இதுக்குப் பதில் தேட டெல்லிக்கோ லண்டனுக்கோ முதலில் போக வேண்டாம். நம்ம திருச்சுழி, கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரிசல்காட்டிலிருந்தே தொடங்கலாம். ஏன்னா, ஆயுதத்தை வெளிப்படையாக வைத்திருந்த வாழ்க்கையும், அது பறிக்கப்பட்டதும் இந்த மண்ணில் நடந்த கதைதான்.

எல்லாருக்கும் தெரிந்த ஆயுதம்

பாளையக்காரர் காலத்தில் தெற்குச் சீமையில் ஆயுதம் என்பது மறைக்கிற பொருளே இல்லை. வேல், வாள், ஈட்டி, வளரி, பின்னால் நாட்டுத்துப்பாக்கி, எல்லாம் ஊர் பார்க்கத்தான் இருந்தது. ஊர்க்காவல், தேசகாவல் என்று ஒரு முறை இருந்ததே, அதுக்கு ஆதாரமே ஆயுதம் வெளியே தெரிவதுதான். காவல்காரன் கையில் வேல் இருக்கு என்று தெரிந்தால்தான் திருடன் அந்தப் பக்கம் வரமாட்டான். அதுக்குத்தான் ஊர் அவனுக்குக் காவல் கூலி அளந்தது.

வளரியைப் பற்றி ஒரு வார்த்தை. பிறை மாதிரி வளைந்து, ஒரு முனை கனமாக, மறுமுனை கைப்பிடியாக இருக்கும். மரத்தில், இரும்பில், தந்தத்தில்கூடச் செய்தார்கள். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி 1830-ல் வெளியிட்ட தன் ராணுவ நினைவுகளில், சின்ன மருதுதான் தனக்கு வேல் எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தார் என்று எழுதியிருக்கிறார். கைதேர்ந்தவர் வீசினால் நூறு கஜ தூரத்துக்குள் குறி தப்பாது என்றும் சொல்கிறார். அதே வெல்ஷ்தான் பிற்பாடு அந்த மருதுவுக்கு எதிரான படையில் போனவர். ஆயுதம் கற்றுக்கொடுக்கிற அளவுக்குப் பழக்கம், வெளிப்படையான பழக்கம்.

இதை ரொம்ப அழகாகவும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஆயுதம் எடுக்கும் உரிமை எல்லாருக்கும் இருந்ததில்லை. யார் கையில் வேல் இருக்கலாம், யார் கையில் இருக்கக் கூடாது என்பதைச் சாதி தீர்மானித்தது. காவல் கூலி கொடுக்க மறுத்த ஊரில் திருட்டை நடத்தியதே காவல்காரர்தான் என்ற புகார்களும் கம்பெனி ஆவணங்களில் உண்டு. ஆனால் ஒன்று: யாரிடம் என்ன ஆயுதம் இருக்கு என்பது ஊருக்கு முழுக்கத் தெரியும். அதை ஞாபகத்தில் வச்சுக்கோங்க, கடைசியில் இது தேவைப்படும்.

1801: பிடுங்கிக்கொண்ட வருடம்

சேதுபதி முத்துராமலிங்கரை 1795-ல் கம்பெனி பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் வைத்தது. நாலு வருடம் கழித்து, 1799 ஏப்ரலில், மயிலப்பன் சேர்வைக்காரர் தலைமையில் முதுகுளத்தூரில் கலகம் வெடித்தது. கச்சேரியில் இருந்த ஆயுதங்களைக் கைப்பற்றினார்கள். அபிராமம், கமுதி கிடங்குகளும் சூறையாடப்பட்டன. குண்டாற்றங்கரையைப் பிடித்து நம்ம திருச்சுழியிலிருந்து கீழே போனால் கமுதி வந்துவிடும். அவ்வளவு பக்கத்தில் நடந்தது இது.

அதே 1799 அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி இரண்டாவது தடவையும் விழுந்தது. அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள். எல்லாம் முடிந்தபின், 1801 டிசம்பர் 1-ம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் (பிளாசியில் ஜெயித்த ராபர்ட் கிளைவின் மகன்) ஒரு பிரகடனம் போட்டார். கோட்டைகள் இடிபடணும், ஆயுதங்கள் ஒப்படைக்கப்படணும், இனிமேல் ஆயுதம் தாங்குகிற வழக்கமே இருக்கக் கூடாது. 1878-க்கு முக்கால் நூற்றாண்டு முன்னாலேயே தெற்குச் சீமைக்கு ஓர் ஆயுதச் சட்டம் வந்துவிட்டது என்றே சொல்லலாம்.

வேலும் வளரியும் மெல்ல மறைந்தன. சில கோயில்களில் சாமி அறைக்குள் போய் உட்கார்ந்தன. மிச்சம் மியூசியத்துக்குப் போச்சு. மிஞ்சியது அரிவாள். ஏன் மிஞ்சியது? அது விவசாயக் கருவி. கருவேலமுள் வெட்டவும், பனைமட்டை கழிக்கவும், ஆட்டுக்குக் குழை ஒடிக்கவும் அரிவாள் இல்லாமல் இந்தப் பக்கம் ஒருநாள் ஓடாது. இன்றைய 1959-ம் வருட ஆயுதச் சட்டத்திலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே ஆன பொருட்களுக்கு விலக்கு உண்டு. ஆயுதத்தை இன்னும் வெளிப்படையாகக் கையில் பிடித்துக்கொண்டு எல்லையில் நிற்க லைசென்ஸ் கேட்கப்படாத ஒரே ஆள் கருப்பசாமிதான்.

லண்டனில் தபாலாபீஸ், இங்கே கலெக்டர் ஆபீஸ்

1878 சட்டம் லிட்டன் பிரபு காலத்தில் வந்தது. இந்தியர் ஆயுதம் வைக்க லைசென்ஸ் வேண்டும். ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் விலக்கு. இந்த இனப் பாகுபாடுதான் ஜனங்களைச் சுட்டது. 1887-ல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டிலேயே இந்தச் சட்டத்தை எடுக்கச் சொல்லி விபின் சந்திர பால் பேசினார். விலக்கில் இருந்த இன வேறுபாட்டை நீக்க 1920 வரை ஆனது.

அதே காலத்தில் லண்டனில் என்ன நிலைமை? 1903-ம் வருடக் கைத்துப்பாக்கிச் சட்டத்தின்படி, தபாலாபீஸில் பத்து ஷில்லிங் கட்டி வாங்குகிற லைசென்ஸைக் காட்டினால் கடையில் பிஸ்டல் கொடுத்துவிடுவார்கள். மதன்லால் திங்ரா அப்படித்தான் வாங்கினார். டாட்டன்ஹாம் கோர்ட் ரோடில் இருந்த சுடும் பயிற்சிக்கூடத்தில் காசு கட்டிப் பழகினார். 1909 ஜூலை 1-ம் தேதி கர்சன் வைலியைச் சுட்டார். அதே லண்டன் இந்தியா ஹவுஸ் வட்டத்தில் இருந்தவர்தான் திருச்சி வரகனேரியிலிருந்து பாரிஸ்டர் படிக்கப் போன வ.வே.சு. ஐயர்.

ஆக, ஓர் இந்தியன் இங்கிலாந்தில் சுலபமாக வாங்கக்கூடிய பொருளைத் தன் ஊரில் வாங்க முடியாது. இந்த வித்தியாசம்தான் கடத்தலுக்கு வழி போட்டது. அந்த வழியில் வந்து சேர்ந்த பொருள் ஏன் குறிப்பாக பிரவுனிங்காக இருந்தது என்பதைப் பார்க்கணும்.

ஏன் பிரவுனிங்?

அப்போது போலீஸும் ராணுவமும் வைத்திருந்தது வெப்ளி ரிவால்வர். ஒரு கிலோ பக்கம் எடை. நடுவில் ஆறு தோட்டா போடும் உருளை, பக்கவாட்டில் புடைத்துக்கொண்டு நிற்கும். பின்னால் சுத்தியல் கொக்கி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும்; துணியில் மாட்டும். இடுப்பு பெல்ட்டில் தோல் உறை போட்டு, எல்லாரும் பார்க்க மாட்டிக்கொள்கிற அதிகாரிக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. மறைக்க வேண்டியவனுக்குத்தான் பிரச்சினை.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்காரர் ஜான் பிரவுனிங். அவர் வடிவமைத்ததை பெல்ஜியத்தில் ஹெர்ஸ்டால் என்ற ஊரிலிருந்த எஃப்.என். தொழிற்சாலை 1900-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீளம் சுமார் 17 செ.மீ., எடை 625 கிராம். உருளை கிடையாது, ஏழு தோட்டாக்கள் கைப்பிடிக்குள்ளேயே அடுக்கு அடுக்காக நிற்கும். அதனால் மொத்த உருவமும் தட்டை. சுத்தியல் வெளியே தெரியாது. தவறி வெடிக்காமல் இருக்கப் பக்கத்தில் ஒரு சேஃப்டி. ஒரு தடவை சுட்டதும் அந்த உதையிலேயே அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும். பிறகு 6.35 மி.மீ. தோட்டாவுக்காக இதைவிடச் சிறியதாக, 11 செ.மீ. சொச்சம் நீளத்தில், வெஸ்ட்கோட் பைக்குள் போகிற மாதிரி இன்னொன்றும் வந்தது.

உடுப்பையும் சேர்த்து யோசிக்கணும். வேட்டி மடியில் வெற்றிலைப் பை நிற்கும், சுருக்குப்பை நிற்கும். அரைக்கிலோவுக்கு மேல் இரும்பு வைத்தால் முடிச்சு இறங்கிவிடும். சட்டைக்கு மேல் கோட்டு போடுகிற வழக்கம் இங்கிலீஷ் படித்தவர்களிடமும் கச்சேரி உத்தியோகஸ்தர்களிடமும் பரவியிருந்த காலம் அது. தட்டையான பிஸ்டலும், பை வைத்த கோட்டும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தன. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

குறையும் இருந்தது. 7.65 மி.மீ. தோட்டாவின் குண்டு ஐந்து கிராம்கூட இல்லை. குழல் குட்டை, குறி பார்க்கும் அமைப்பும் குட்டை. எட்ட நின்று சுட இது ஆகாது, கிட்டப் போகணும். வளரி நூறு கஜம் போகும் என்று வெல்ஷ் சொன்னார். நூறு வருட விஞ்ஞானத்துக்குப் பிறகு வந்த இந்தப் பிஸ்டலுக்கோ கை எட்டும் தூரம்தான் நம்பகமான தூரம். மறைப்பதற்காகக் கொடுத்த விலை அது. தூரத்தைக் கொடுத்து ரகசியத்தை வாங்கினார்கள்.

அந்தப் பத்து வருட உலகச் செய்திகளைப் பார்த்தால் இது விளங்கும். 1904-ல் ஹெல்சிங்கியில் ரஷ்ய கவர்னர் ஜெனரல் போப்ரிகோவ், செனட் கட்டிடத்துக்குள்ளேயே. 1909 அக்டோபரில் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் இட்டோ ஹிரோபூமி. இரண்டிலும் 1900 மாடல் பிரவுனிங். 1914-ல் சரயேவோவில் அதே தொழிற்சாலையின் 1910 மாடல். எல்லாமே மிகக் கிட்டத்தில் நின்று, பேரரசுகளின் ஆட்களைக் குறிவைத்து. எல்லா இடத்திலும் சுட்டவர், தம் மண்ணில் வெளிப்படையாக ஆயுதம் எடுக்க வழியில்லாத தரப்பிலிருந்து வந்தவர்.

பெட்டியின் பொய்த்தளம்

1909-ல் லண்டன் இந்தியா ஹவுஸில் சமையல்காரராக இருந்த சதுர்புஜ் அமீன், பெட்டியின் பொய்த்தளத்துக்குக் கீழே இருபது பிரவுனிங் பிஸ்டல்களை வைத்து பம்பாய் கொண்டுவந்தார். அனுப்பியவர் சாவர்க்கர். அவற்றில் ஒன்றுதான் அந்த வருடம் டிசம்பர் 21-ம் தேதி நாசிக் நாடகக் கொட்டகையில் கலெக்டர் ஜாக்சனைக் கொன்றது. அந்தத் துப்பாக்கி விவகாரத்தில்தான் சாவர்க்கர் 1910-ல் லண்டனில் கைதானார்.

ஐயர் போலீஸிடம் சிக்காமல் 1910-ல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். பாரதி 1908-லிருந்தே அங்கே. அரவிந்தரும் 1910-ல் வந்துவிட்டார். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆட்சி. பிரிட்டிஷ் ஆயுதச் சட்டம் அங்கே செல்லாது. பயிற்சிக்கு அது வசதியாகப் போனது. செங்கோட்டைக்காரர், திருவிதாங்கூர் வனத்துறையில் புனலூரில் வேலை பார்த்த வாஞ்சிநாதன் 1911-ன் தொடக்கத்தில் அங்கே போனார். ஐயரிடம் சுடக் கற்றார். ஆள் சேர்த்துத் தெற்கில் அமைப்புக் கட்டியவர் நீலகண்ட பிரம்மச்சாரி.

1911 ஜூன் 17, சனிக்கிழமை. திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் மனைவியோடு கொடைக்கானல் போகக் கிளம்பினார். காலை 10.38-க்கு வண்டி மணியாச்சி வந்தது. தூத்துக்குடியிலிருந்து வருகிற சிலோன் போட் மெயிலுக்காக 10.48 வரை காத்திருப்பு. முதல் வகுப்புப் பெட்டி. நன்றாக உடுத்திய, குடுமி வைத்த இளைஞர் ஒருவர் பெட்டிக்குள் ஏறுகிறார். யாரும் தடுக்கவில்லை, தடுக்கக் காரணமும் தெரியவில்லை. பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங். குண்டு ஆஷின் மார்பில். வாஞ்சி பிளாட்பாரத்தில் ஓடிக் கழிப்பறைக்குள் புகுந்து, அதே பிஸ்டலை வாயில் வைத்துச் சுட்டுக்கொண்டார்.

பத்து நிமிட நிறுத்தத்துக்குள் இரண்டு உயிர். ஒரு பக்கம் கணவன் கண்ணெதிரே சாய்ந்ததைப் பார்த்த மேரி ஆஷ், நாலு பிள்ளைகளுக்குத் தாய். மறுபக்கம் செங்கோட்டையில் இளம் வயதிலேயே விதவையான பொன்னம்மாள். வாஞ்சியைத் தியாகி என்று கொண்டாடுகிறவர்களும் சரி, கேள்வி கேட்கிறவர்களும் சரி, இந்த இரண்டு பேரையும் கணக்கில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பது என் எண்ணம்.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது. 1912-ல் தீர்ப்பு. நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு வருடம். புதுச்சேரி முழுக்க ஒற்றர்கள் நிறைந்தார்கள். தெற்கில் அப்படி ஒரு கொலை மறுபடி நடக்கவில்லை.

அதே 1911-ல்தான் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மணியாச்சிக்கும் அதுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் ஒரே மனப்போக்கு. யார் மறைத்து வைத்திருக்கிறான் என்று தெரியவில்லையா? அப்போ ஊரையே வரிசையில் நிறுத்தி ரேகை எடு. பிறமலைக் கள்ளர் ஊர்களிலும், பிற்பாடு நம்ம கிழக்கே ஆப்பநாட்டிலும் அது நடந்தது. 1947 வரை அது ஓயவில்லை.

இன்றைய கணக்கு

இன்றைக்கு வருவோம். லைசென்ஸ் வைத்திருக்கும் இந்தியக் குடிமகன் 9 மி.மீ. பிஸ்டல் வாங்க முடியாது. அது தடை செய்யப்பட்ட ரகம். அவருக்குக் கிடைப்பது .32 ரகம். அரசுத் தொழிற்சாலைகள் இதில் ரிவால்வரும் செய்கின்றன, பிஸ்டலும் செய்கின்றன. இஷாபூரில் செய்யும் 'அஷனி' பிஸ்டலில் போடுவது அதே 7.65 மி.மீ. பிரவுனிங் தோட்டாதான்! 1900 மாடலுக்காகச் செய்த தோட்டா, இன்றும் நம்ம நாட்டு லைசென்ஸ்தாரர் பையில் இருக்கு. 2014-ல் கான்பூரிலிருந்து பெண்கள் பாதுகாப்புக்கு என்று சொல்லி 'நிர்பீக்' என்ற அரைக்கிலோ எடை ரிவால்வர் வந்தது. விலை ஒரு லட்சத்துக்கு மேல். யார் பாதுகாப்புக்கு என்ற கேள்விக்கு விலைச்சீட்டே பதில் சொல்லிவிடுகிறது.

இந்தப் பக்கத்துச் சம்சாரிக்கு .32 எதுக்கு? அவன் கவலை சோளத்திலும் கடலையிலும் இறங்குகிற காட்டுப்பன்றி. 1959 சட்டத்தின் 13-ம் பிரிவில் பயிர்க்காவலுக்கென்று குழல்வழி மருந்து இடிக்கும் நாட்டுத்துப்பாக்கிக்குத் தனியாக இடம் இருக்கு. ஆனால் பன்றியைச் சுட வன உயிரினச் சட்டம் குறுக்கே நிற்கும். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கணும். ஆளுயர நாட்டுத்துப்பாக்கியை யாராலும் மறைக்க முடியாது. அது தோளில் கிடந்தால் ஊருக்கே தெரியும்; பழைய வேல் மாதிரி.

இப்போ முதலில் கேட்ட கேள்விக்குத் திரும்பலாம். மறைக்காதே என்ற சட்டம் மறைத்தே ஆகணும் என்று தலைகீழாகப் புரண்டுவிட்டதா? 1878-ன் 20-ம் பிரிவைத் திரும்பப் படியுங்கள். ஜனங்களிடமிருந்து மறைப்பதை அது குற்றமாக்கவில்லை. அரசு ஊழியருக்குத் தெரியாமல் மறைப்பதைத்தான் குற்றமாக்கியது. 2016 விதியும் அதையேதான் சொல்கிறது. துப்பாக்கியின் நம்பர், தோட்டாக் கணக்கு, உரியவரின் முகவரி எல்லாம் கலெக்டர் ஆபீஸுக்குத் தெரிந்திருக்கணும். தெருவில் போகிறவனுக்குத் தெரிந்தால் பயம், பந்தா, சண்டை. அதனால் மூடு. இதில் நியாயமும் இருக்கு. கல்யாண வீட்டில் துப்பாக்கியைத் தூக்கி வானத்தில் சுடுகிற வடக்கத்திப் பழக்கத்தால் எத்தனை உயிர் போகிறது என்று செய்தியில் பார்க்கிறோம்.

ஆக, 1801-லிருந்து இன்றுவரை ஆயுதம் எங்கே இருக்கு என்று தெரிந்துகொள்ளும் உரிமை கை மாறிக்கொண்டே வந்திருக்கு. முதலில் ஊருக்குத் தெரியும். பிறகு அரசுக்குத் தெரியணும் என்று ஆனது. மணியாச்சியில் பத்து நிமிடம், இரண்டு பேருக்கும் தெரியாமல் போனது. இன்றைக்கு அரசுக்கு மட்டும் தெரியும்.

வேல் வைத்திருந்தவனின் குணம் ஊருக்குத் தெரியும். குடித்தால் எப்படி இருப்பான், பங்காளித் தகராறில் எவ்வளவு தூரம் போவான், எல்லாம் தெரியும். லைசென்ஸ் கேட்பவரைப் பற்றி இன்று ஸ்டேஷனிலிருந்து ஓர் அறிக்கை போகிறது. உறையும் சேஃப்டியும் தோட்டா ரகமும் எவ்வளவுதான் நன்றாக இருந்தாலும், அந்த அறிக்கையை எழுதுகிறவர் அந்த ஆள் வசிக்கிற தெருவில் நாலு பேரிடம் விசாரித்தாரா என்பதில்தான் மிச்சம் எல்லாம் அடங்கியிருக்கு.